பதினாறாவது ஆட்சி

பதின்மூன்றாவது ஆள்தான் எப்போதும் நழுவிவிடுகிறான். வல்லிபுரம் பெருவிரலைக் கொண்டுபோய்ச் சுண்டுவிரலின் அடிக்கோட்டில் வைத்துக்கொண்டு யோசித்தார். ஒரு விரலுக்கு மூன்று கோடு, நுனியோடு சேர்த்தால் நாலு, நாலு விரலுக்குப் பதினாறு. சிசிலித் தீவின் இந்தப் பழைய துறைமுகம், இந்தப் பலெர்மோ நகரம், கண்ட ஆட்சிகளும் பதினாறு. மீன்கடைப் பிப்போ சொன்ன கணக்கு அது. பிழையாகவும் இருக்கலாம், ஆனால் விரலுக்குச் சரியாகப் பொருந்துகிறது. சுட்டுவிரலில் பினீசியர், ரோமர், வண்டலர், கோத்தர். நடுவிரலில் கிரேக்கம் பேசிய கிழக்கு ரோமர், அரபிகள், நோர்மன்காரர், ஜெர்மன்காரர். மோதிரவிரலில் பிரெஞ்சுக்காரர், அரகோன்காரர், ஸ்பானியர், சவோய்காரர். பிறகு சுண்டுவிரலின் அடிக்கோடு, அங்கே ஒருவருமில்லை, வெறும் தோல். அதற்கு மேலே பூர்போன் அரசர்கள், அதற்கு மேலே இத்தாலிய அரசர்கள், நுனியில் குடியரசு. அந்த நுனியிலிருக்கும் குடியரசுக்குத்தான் இன்னும் சற்று நேரத்தில் அவர் எழுந்து நின்று, நகரசபை மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால், வாய்விட்டுச் சத்தியம் செய்யவேண்டும். வாய்விட்டு. அந்தச் சொல்லில் போய் மனம் முட்டிக்கொண்டது. முட்டிக்கொண்ட மனம் திரும்பி ஓடி மறுபடி சுட்டுவிரலின் அடியில் பினீசியரிடம் போய் நின்றது. கழுத்துப்பட்டி இறுக்கியது. கூரையிலே பொன்பூச்சுக் கழுகு ஒன்று, இந்த நகரத்தின் சின்னம், இறக்கையை விரித்துக்கொண்டு அவரையே பார்த்தது. அவர் பார்வையைத் தாழ்த்திப் புதுச் சப்பாத்தைப் பார்த்தார். சப்பாத்தும் அவரைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

"இஞ்சாருங்கோ, விரலை நோண்டாதேங்கோ. ஆக்கள் பாக்கினம்," என்றாள் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண்சாதி தவமலர்.

"நான் எண்ணிறன்."

"இப்ப என்னத்தை எண்ணுறியள்? சொல்லவேண்டியது ஒரு வசனம். அதைச் சொல்லிப் பாருங்கோ மனசுக்குள்ளை."

மனசுக்குள்ளே அது நன்றாகத்தான் வருகிறது, அதுதான் துன்பம். மனசுக்குள்ளே அவர் அந்த வசனத்தைக் கோயில் மணி மாதிரிச் சொல்லிவிடுவார். குளியலறையில் சொல்லியாயிற்று, பேருந்தில் உதடு அசையாமல் சொல்லியாயிற்று. குடியரசுக்கு விசுவாசமாக இருப்பேன், அரசியலமைப்பையும் நாட்டின் சட்டங்களையும் கடைப்பிடிப்பேன். அவ்வளவுதான். ஆனால் இத்தாலிய மொழியில் 'சத்தியம் செய்கிறேன்' என்பது முதலில் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தமிழிலென்றால் எல்லாவற்றையும் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டுபோய்க் கடைசியில் சத்தியத்தை வைக்கலாம். அதுவரைக்கும் மூச்சுவிட நேரமிருக்கும். இங்கே எடுத்த எடுப்பிலே 'ஜூரோ'. சித்திரை மாதத்தில் இதே மண்டபத்தில் இதே கழுகின் கீழே எழுந்து நின்றார். அட்டையைக் கையில் கொடுத்தார்கள். 'ஜூரோ' என்று வாயைத் திறந்தார். சைக்கிள் வால்விலிருந்து போவது மாதிரி வெறும் காற்றுப் போயிற்று. மறுபடி திறந்தார், மறுபடியும் காற்று. மூன்று நிறப் பட்டியைத் தோளிலிருந்து குறுக்காக அணிந்த அதிகாரி அம்மா ஒரு குவளை தண்ணீர் கொடுத்துப் பார்த்தாள், யன்னலைத் திறக்கச்சொல்லிப் பார்த்தாள், கடைசியில் இரக்கத்தோடு வேறு திகதி தந்தாள். அந்தத் திகதி இன்றைக்கு. குடியுரிமைக் கடிதம் கிடைத்து ஆறு மாதத்துக்குள் சத்தியம் செய்யாவிட்டால் எல்லாம் போய்விடும், விண்ணப்பத்தை முதலிலிருந்து தொடங்கவேண்டும், அந்த ஆறு மாதம் இந்தக் கிழமையோடு சரி. வல்லிபுரத்துக்கு எழுபத்தொரு வயது. முதலிலிருந்து தொடங்குவதற்குத் தன்னிடம் முதல் மிச்சமில்லை என்பது அவருக்குத் தெரியும். தவமலர் போன வருஷமே சத்தியம் செய்து குடியுரிமை எடுத்துவிட்டாள், அதுவும் இரண்டாவது வரிசைவரை கேட்கும்படி. அன்றிலிருந்து வீட்டில் ஒரு சண்டை வந்தால் போதும், "இது எங்கட நாடு, நீங்கள் சத்தம் போடாதேங்கோ" என்பாள். சத்தம் போடாதேங்கோ! அவர் எப்போது சத்தம் போட்டார்? நினைத்ததும் அவருக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும் பயம் கொஞ்சம் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது.

மண்டபக் கதவு திறந்தது. ஆளுக்கு முன்னால் மீன்வாடை வந்தது. பிப்போ. பலாரோச் சந்தையில் மீன்கடை வைத்திருப்பவன், வல்லிபுரம் அவனிடம் முப்பது வருஷமாக மீன் வெட்டுகிறார். கடையை அடைத்துவிட்டு, கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு, கோட்டுக்குக் கீழே கடைச் சப்பாத்தோடு வந்திருந்தான். பின்வரிசையில் தொப்பென்று இருந்து, அவர் பிடரிக்குப் பின்னால் குனிந்து, அவனுக்கு மட்டும் இரகசியமாகத் தெரியும் குரலில், "வல்லி, சாப்பிட்டாயா?" என்று கேட்டான். முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பிப்போவுக்குத் தாழ்ந்த குரல் கிடையாது. காலையில் அவன் சாளைமீனைப் பேர் சொல்லிக் கூவினால் தெருமுனைத் தேவாலயத்தில் புறா எழும்பும். அவன் கூவுவான், வல்லிபுரம் செதில் உரிப்பார். முப்பது வருஷத் தொழில்பிரிவினை. கூட்டமில்லாத நேரத்தில் பிப்போ சரித்திரம் சொல்வான். சரித்திரம் என்றால் புத்தகத்தில் இருப்பதல்ல, பக்கத்துத் தெருவில் நேற்று நடந்த சண்டை மாதிரிச் சொல்வான். இந்த ஊருக்குப் பேர் வைத்தது கிரேக்கராம், 'முழுக்கத் துறைமுகம்' என்று பொருளாம், ஆனால் பேர் வைத்தவர்கள் இருந்து ஆளவில்லை. "தொட்டில் கட்டினான், பிள்ளையை மறந்துவிட்டுப் போனான்" என்பான். கிழக்கு ரோமர் படையெடுத்து வந்தபோது மதில் உயரம், ஏறமுடியவில்லை. பார்த்தால் கப்பலின் பாய்மரம் மதிலைவிட உயரம். உடனே வில்லாளிகளைச் சின்னப் படகுகளில் ஏற்றி, படகோடு கயிறுகட்டிப் பாய்மர உச்சிக்குத் தூக்கிவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது பிப்போ ஒரு வெற்று மீன்பெட்டியைக் கயிற்றிலே கட்டி மேலே இழுத்தே காட்டினான். பெட்டியிலிருந்த ஐஸ் தண்ணீர் ஒரு கிழவியின் தலையில் கொட்டி, அன்றைக்கு அவளுக்குக் கணவாய்மீன் இலவசம். வல்லிபுரத்துக்கோ படைத்தலைவனில் மனம் போகவில்லை. மதிலுக்கு உள்ளே ஒருவன் இருந்திருப்பான், காலையில் ரொட்டி கடித்துக்கொண்டு, சும்மா அண்ணாந்து பார்த்திருப்பான், வானத்திலே ஒரு படகு. படகுக்குள்ளிருந்து ஆட்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அவன் வாயில் ரொட்டி அப்படியே நின்றிருக்கும். "இஞ்சாருங்கோ, உள்ளுக்கு வாங்கோ" என்று அவன் பெண்சாதி கூப்பிட்டிருப்பாள். அவன் போயிருக்கமாட்டான், வானத்திலே படகு நிற்கும்போது எவன்தான் உள்ளே போவான்?

அந்த ரொட்டிக்காரனை நினைக்கும்போதெல்லாம் வல்லிபுரத்துக்கு ஒரு சொந்தக்காரனை நினைப்பது போல இருக்கும். ஆட்சி மாறுவது அரண்மனையில். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் தெருவில். அரபிகள் வந்தார்கள், எலுமிச்சையும் வாய்க்காலும் கொண்டுவந்தார்கள், சந்தையில் கூவுகிற இராகத்தை விட்டுப்போனார்கள் என்று பிப்போ சொல்வான். நோர்மன்காரர் வடக்கிலிருந்து குதிரையில் வந்தார்கள், வந்தவர்கள் அரபித் தச்சர்களைக் கலைக்கவில்லை, தங்கள் கோயிலுக்கு அவர்களைக்கொண்டே கூரை செய்வித்தார்கள். அந்தக் கூரையை வல்லிபுரம் ஒருதரம் கழுத்து நோக நோகப் பார்த்து நின்றார், கீழே தேவமாதா, மேலே குந்தியிருந்து கிண்ணத்தில் குடிக்கிற தலைப்பாகைக்காரர். பெரிய தேவாலயத்தில் ஜெர்மன் சக்கரவர்த்தியின் சிவப்புக்கல் சமாதிக்கு இன்றைக்கும் யாரோ பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். எழுநூறு வருஷத்துக்கு மேலாயிற்று, அந்தப் பூ மட்டும் அன்றன்றைக்குப் பறித்தது. இதை முதல்முதல் பார்த்த அன்றுதான் வல்லிபுரம் இந்த ஊரோடு சமாதானமானார் என்று சொல்லவேண்டும். வந்தவனை எல்லாம் வைத்துக்கொள்கிற ஊர். ஆனால் ஆண்டவர்களில் ஒருவனாவது இந்தச் செதில் உரிக்கிறவனை, ரொட்டி கடிக்கிறவனைக் கூப்பிட்டு, "உனக்குச் சம்மதமா, சொல்" என்று கேட்டிருப்பானா? கேட்டிருக்கமாட்டான். கொடியை மாற்றிவிட்டுப் போயிருப்பான். வல்லிபுரத்துக்கும் அப்படித்தானே. பருத்தித்துறையில் அவர் பிறந்தபோது காசிலே இங்கிலாந்து மகாராணியின் தலை. பிறகு ஒருநாள் பள்ளிக்கூடத்தில் நாட்டின் பேர் மாறிவிட்டதென்றார்கள். பிறகு இராணுவம் ஆண்டது, பிறகு இயக்கம் ஆண்டது, நடுவிலே இந்தியாவிலிருந்து வந்த படை ஆண்டது. ஒவ்வொருவரும் தடைச்சாவடியில் நிறுத்திக் கேட்டது ஒன்றுதான், பேர் என்ன, எங்கே போகிறாய். அதைப் பக்கத்தில் நிற்பவனுக்கும் கேட்காதபடி சொல்லப் பழகிக்கொண்டார்.

"வல்லி," என்று பிடரியில் மறுபடி மீன்வாடை அடித்தது, "விரலிலே என்ன?"

"பதின்மூன்றாவது ஆள் யார், பிப்போ? சவோய்க்கும் பூர்போனுக்கும் நடுவிலே."

பிப்போ கன்னத்தைச் சொறிந்தான். "அதுவா? ஆஸ்திரியாக்காரர். வந்தார்கள், வரி கேட்டார்கள், போனார்கள். ஒரு பலகாரம்கூட விட்டுப்போகவில்லை. அவர்களைப் போய் எண்ணுவானேன்?"

ஆஸ்திரியர். சுண்டுவிரலின் அடிக்கோட்டில் அவர்களைக் கொண்டுவந்து இருத்தினார். இருந்துகொண்டார்கள். பதினாறும் சரி. எண்ணுவதற்கு இனி ஒன்றுமில்லை, ஒளிந்துகொள்ள ஒரு விரலும் இல்லை.

முன்னாலே பேர் கூப்பிடத் தொடங்கினார்கள். கானா நாட்டுப் பெண் ஒருத்தி, தலையில் மஞ்சள் துணியை மலைபோலச் சுற்றியவள், எழுந்துபோய் வசனத்தைப் பாட்டு மாதிரிச் சொன்னாள். அவளுடைய ஆட்கள் குலவை இட்டார்கள். ஒரு வங்காளிப் பையன் ஓட்டப்பந்தயம் போலச் சொல்லிமுடித்து, அதே வேகத்தில் திரும்பிவந்து வேறொருவரின் கதிரையில் இருந்தான். எல்லாரும் சிரித்தார்கள், அதிகாரி அம்மாவும் சிரித்தாள். வெயில் யன்னலால் வந்து அவளுடைய பட்டியில் விழுந்தது. வெளியே சதுக்கத்து நீரூற்றில் தண்ணீர் விழுகிற ஓசை. அந்த நீரூற்றைச் சுற்றி முழுக்க உடுப்பில்லாத பளிங்குச் சிலைகள். பக்கத்து மடத்துக் கன்னியாஸ்திரிகள் வெட்கம் தாங்காமல் சிலையின் மூக்குகளை உடைத்தார்கள் என்பது பிப்போவின் சரித்திரம். காலையில் அதைக் கடக்கும்போது தவமலர் குடையைச் சாய்த்து அவருக்கு மறைத்துப் பிடித்தாள், "எழுபத்தொரு வயதிலை என்ன பார்வை" என்று. நல்ல வெயில், நல்ல சனம். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, தொண்டை மட்டும் ஏன் இப்படி? ஏனென்று தெரியாதா என்ன. பிப்போ பிரெஞ்சுக்காரரைத் துரத்திய கதையை மீன்கத்தியை வீசிவீசிச் சொல்வான்: மாலைப் பூசை மணியோடு ஊர் எழும்பியதாம், வீதியில் அகப்பட்டவனை நிறுத்தி, கடலைக்கு இந்த ஊரில் சொல்கிற சொல்லைச் சொல்லச்சொன்னார்களாம், பிரெஞ்சுக்காரன் நாக்கு அதற்குப் புரளாது, புரளாதவனை அங்கேயே வெட்டினார்களாம். கேட்டுக்கொண்டிருந்த சந்தை சிரித்தது. வல்லிபுரம் மட்டும் செதில் உரிப்பதை நிறுத்திவிட்டார். எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடி மாதம், கொழும்பிலே பேருந்தை மறித்து ஏறிய காடையர் ஒரு வாளியைத் தூக்கிக் காட்டி, இதற்குச் சிங்களத்தில் என்ன, சொல் என்றார்கள். சொல்கிற விதத்தில் தமிழன் அகப்பட்டுவிடுவான். ஒவ்வொரு இருக்கையாக வந்தார்கள். அவருக்கு அந்தச் சொல் தெரியும், ஆனால் தன் வாயில் அது எப்படி வரும் என்பதும் தெரியும். பக்கத்தில் ஈரப்பலாக்காய்க் கூடையை மடியில் வைத்திருந்த சிங்கள அம்மா ஒருத்தி, முன்பின் தெரியாதவள், அவர் தலையைத் தன் தோளில் சாய்த்து, "இவன் என் தம்பி, ஊமை, இவனிடம் என்ன கேட்கிறீர்கள்?" என்று சத்தம் போட்டாள். ஊமையாக இருந்தார். இறங்கும்வரை ஊமையாக இருந்தார். அந்த அம்மா பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டாள், ஊமை போகவில்லை. ஒரு அரசாங்கத்து ஆள் 'சொல்' என்றால் போதும், அவன் எழும்பிவந்து தொண்டைக்குள் குந்திக்கொள்வான். பாவம், அவனும் உயிர்காத்தவன்தானே, எப்படிக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது?

"கதிர்காமர் வல்லிபுரம்!"

தகப்பனின் பேரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள், அதையும் நாலாக முறித்து. பருத்தித்துறையைத் தாண்டி யாழ்ப்பாணப் பட்டணத்துக்கே வருஷத்தில் ஒருதரம் போகிற மனிதர் கதிர்காமர், பொன்கழுகின் கீழே அழைக்கப்படுகிறார். ஐயா, வாங்கோ, இரண்டுபேருமாகப் போவோம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு வல்லிபுரம் எழுந்தார். முழங்கால் நடந்தது, சப்பாத்து நடந்தது. தவமலர் முதுகில் லேசாகத் தட்டிவிட்டது கோட்டுக்கு மேலால் தெரிந்தது. அதிகாரி அம்மா அட்டையைக் கையில் தந்து, அவரை ஞாபகம் இருப்பதால் குரலைத் தணித்து, "அவசரமில்லை, ஐயா. உங்கள் நேரம்தான்," என்றாள். அட்டையில் எழுத்துக்கள் சாளைமீன் கூட்டம் மாதிரி ஒன்றாகத் திரும்பின, பிறகு நின்றன. வாயைத் திறந்தார். காற்று. மூடினார். மண்டபம் காத்திருந்தது, நல்ல மண்டபம், ஒருவரும் இருமவில்லை, அந்த நல்லதனமே பயமாக இருந்தது. உனக்குச் சம்மதமா என்று கேட்கிறார்கள். மகாராணியும் கேட்கவில்லை, இராணுவமும் கேட்கவில்லை, இயக்கமும் கேட்கவில்லை, இவர்கள் கேட்கிறார்கள், கேட்டுவிட்டுக் கைகட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவருக்குச் சம்மதம். சம்மதம் நெஞ்சு முட்ட இருக்கிறது, மேலே வர வழிதான் இல்லை. மறுபடி திறந்தார். அதிகாரி அம்மாவின் கண் மேசையிலிருந்த தண்ணீர்க் குவளையின் பக்கம் போயிற்று. ஐயோ, தண்ணீர். தண்ணீர் வந்தால் முடிந்தது.

அந்தக் கணத்தில்தான் பிப்போ தன் இரகசியக் குரலில், பலெர்மோத் தெருப்பேச்சில், மண்டபத்தின் நாலு மூலைக்கும் கேட்கும்படி சொன்னான்: "வல்லி! மீனே வாய் திறந்து பேசியிருக்கும் இதற்குள்ளே! சொல்லித் தொலையப்பா!"

"நீ வாயை மூடு, பிப்போ!"

யார் கத்தியது? கழுகு கத்தியது போல இருந்தது. அதே தெருப்பேச்சு, அதே சந்தை உரப்பு, முடிவிலே ஒரு கெட்ட வார்த்தையும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. முப்பது வருஷம் காதால் போனதெல்லாம் ஒரு மூச்சில் வாயால் வந்துவிட்டது. பிறகு சிரிப்பு எழும்பியது, பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு, கானாப் பெண் தொடையில் அடித்துச் சிரித்தாள், எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா பேனையைக் கீழே வைத்துவிட்டான். "இஞ்சாருங்கோ!" என்று தவமலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிப்போ எழுந்து நின்று, பிள்ளை பிறந்தவன் போலக் கையைத் தட்டினான்: "கேட்டீர்களா! இவன் இனி எங்கள் ஆள்!"

அதிகாரி அம்மா பட்டியைச் சரிசெய்து, முகத்தையும் சரிசெய்து, "ஐயா, அது சத்தியத்தில் சேராது," என்றாள்.

வல்லிபுரத்துக்கு வெட்கம் காதுவரை ஏறியது. ஆனால் வெட்கத்தோடு வெட்கமாக ஒன்றைக் கவனித்தார். சத்தம் இன்னும் போகவில்லை. அவருடைய சத்தம். மண்டபத்துச் சுவரிலே மோதி, கூரைக்குப் போய், திரும்பிவந்து அவர் பக்கத்திலே நிற்கிறது, நல்ல உயரமாக, தடித்ததாக, இவ்வளவு நாளும் எங்கேயடா நின்றாய் என்று கேட்கலாம்போல. தொண்டைக்குள் குந்தியிருந்த ஊமையும் சிரித்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டான். இது போய்விடுவதற்குள் என்று அட்டையை முகத்துக்கு நேரே தூக்கினார். "ஜூரோ," என்றார். முதல்தரமே வந்தது. "குடியரசுக்கு விசுவாசமாக இருப்பேன்." ஒவ்வொரு சொல்லையும் முள் எடுத்த மீன் மாதிரித் துப்புரவாக எடுத்துவைத்தார். "அரசியலமைப்பையும் நாட்டின் சட்டங்களையும் கடைப்பிடிப்பேன்." முற்றுப்புள்ளி. முடிந்தது. எல்லாரும் கைதட்டக் கையைத் தூக்கினார்கள். ஆனால் அட்டை முடியவில்லையே. கீழே இன்னும் எழுத்திருக்கிறது, சின்ன எழுத்து, அதை விட்டுவிட்டு எப்படி வருவது? ஒரு வேலையை அரைகுறையாக விடுகிற ஆளா அவர்? இந்தச் சத்தம் இருக்கும்போதே எல்லாவற்றையும் வாசித்துவிடவேண்டும். "மேற்படி சத்தியம் என் முன்னிலையில் செய்யப்பட்டது!" என்று அறிவித்தார்.

"ஐயா, அது நான் சொல்லவேண்டியது," என்றாள் அதிகாரி அம்மா.

அவர் கேட்கவில்லை, கேட்கும் நிலையில் இல்லை. "அதிகாரியின் பெயர்!" என்றார். "பதவி!" என்றார். "கையொப்பம்!" என்றார், சந்தையில் வாள்மீன் வந்த செய்திபோல. குமாஸ்தா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். நல்ல வெயில். இன்னும் ஒரே ஒரு வரி இருந்தது, அட்டையின் அடியில், ஒரு சின்ன வட்டத்துக்குப் பக்கத்தில். வல்லிபுரம் நிமிர்ந்து நின்று, அட்டையிலிருந்து கண்ணை எடுத்து, தோளில் மூன்று நிறப் பட்டியோடு முன்னால் நின்ற அரசாங்கத்தை நேரே பார்த்து, மண்டபம் அதிரச் சொன்னார்:

"இங்கே முத்திரை இடவும்!"

அவள் இட்டாள்.